காந்தக்காலும் வெறுங்கூடையும்

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. அது டாக்டரிடமும் வங்கியிலும் மட்டும்தான் செல்லும். தெருவுக்கு அவள் வெறுங்கூடை.

கல்யாணமாகி வந்த வாரமே ஒட்டிக்கொண்ட பெயர் அது. தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துத் தெருவே ஊரை ஒட்டிய கடற்குடாவுக்குள் இறங்கும். முழங்கால் ஆழத்தில் வெறுங்காலோடு நடந்து, சேற்றைக் காலால் துழாவ வேண்டும். சிப்பி தட்டுப்பட்டால் குனிந்து எடுத்து, இடுப்பில் கயிறு கட்டி மிதக்கவிட்ட கூடையில் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. பல் முளைக்காத பிள்ளையைத் தவிர எல்லோரும் செய்தார்கள். இவளும் அரை நாள் துழாவினாள். கரையேறியபோது கூடையில் ஓர் உடைந்த ஓடு, ஒரு சோடா மூடி, எவனோ எந்தக் காலத்திலோ தொலைத்த ஒற்றைச் செருப்பு. கரையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் காக்கை பறந்தது.

புதுப்பெண், போகப் போகப் பழகிவிடும் என்றார்கள். பழகவில்லை. சிலருக்குப் பாட்டு வராது, சிலருக்குக் கணக்கு வராது, இவளுக்குச் சிப்பி வராது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று நீங்களும் நானும் கேட்கலாம். தெரு கேட்குமா? கூடையை எடுத்துக்கொண்டு அவள் வாசல் தாண்டினாலே, "இன்னிக்கு இன்னொரு செருப்பு கெடைச்சா ஜோடி சேர்ந்துடும்" என்று எதிர்வீட்டிலிருந்து குரல் வரும்.

இதே குடும்பத்தில், கொடுக்கிறவன் கையில் அளவு பிசகியதுபோல, காந்தக்காலும் இருந்தாள். புருஷனின் அக்கா. அடுத்த வீட்டில்தான் குடியிருப்பு. நடுவில் ஒரே சுவர், அதிலும் பாத்திரம் கொடுத்து வாங்க ஓர் ஓட்டை. அம்மா போன பிறகு தம்பியை இடுப்பில் தூக்கி வைத்தே வளர்த்தவள். அவளைப் பற்றித் தெருவில் ஒரு பேச்சு உண்டு: அவள் கால் வைத்த இடத்தில் சிப்பி இருக்கிறது என்று சொல்லாதே, சிப்பி இருக்கிற இடத்துக்குத்தான் அந்தக் கால் போகும். அது உண்மை. வாய் ஊர்க்கதை பேசும், கண் வானத்தைப் பார்க்கும், கால் மட்டும் தன்பாட்டுக்கு வளைந்து நெளிந்து போய் நிற்கும். குனிந்தால் கூடை நிறையும்.

"ஏம்மா, சிப்பிக்கும் உனக்கும் அப்படி என்ன தகராறு?" என்பாள் தம்பி பெண்டாட்டியிடம்.

"என்னைக் கண்டா கதவைச் சாத்திக்குது அண்ணி. நான் என்ன பண்ண?"

இப்படிச் சிரித்துக்கொண்டே இருந்த தெருவுக்குள் இரும்பு வாரி வந்தது. நீளக் கழி, நுனியில் இரும்புப் பல். படகில் கட்டி இழுத்தால் சேற்றோடு சேர்த்துப் பெரியது, சிறியது, பிறந்தது, பிறக்கப்போவது எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு வரும். யாரைக் குறை சொல்ல? வாரி வாங்காத வீடு இல்லை. அவள் புருஷனே இரண்டு வைத்திருந்தான். நாலைந்து பருவம் திருவிழாக் கூட்டம் மாதிரிக் குடா நிறையப் படகு. அதற்கடுத்த பருவம் காந்தக்காலே கூடையில் கால்வாசியோடு கரையேறினாள். அன்றுதான் தெரு பயந்தது.

மீன்வள ஆபீஸ் குடாவை மூடியது. அவள் புருஷன் தொலைதூர நகரத்தில், மீன் அடைக்கும் குளிர்கிடங்கில் வேலைக்குப் போனான். வெயிலிலேயே கிடந்த மனிதன், கம்பளித் தொப்பியும் கையுறையுமாக ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் நின்றான். இவள் பக்கத்து ஊர் ஆயத்த ஆடைக் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். தைத்து வருகிற சட்டையில் விட்டுப்போன தையல், தொங்குகிற நூல், கோணல் பட்டன் எல்லாம் அவள் கண்ணுக்குத் தப்பாது. அங்கே யாரும் அவளை வெறுங்கூடை என்று கூப்பிடவில்லை. அது ஒரு நிம்மதி. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவன் போன் பண்ணுவான். இரண்டு பேரும் டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு ஆளுக்கொரு ஊரில் சேர்ந்து சாப்பிடுவார்கள். அது மட்டும் நிம்மதி இல்லை. போனை வைத்த பிறகு மிச்சச் சோறு அவளுக்கு இறங்காது.

மூன்றாவது வருஷம் மீன்வள ஆபீஸிலிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். தொப்பியும், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும், நல்ல சிரிப்புமாக இருந்தாள். குடாவில் சிப்பி திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும், அதை மீனவர்களே எண்ணினால்தான் மீனவர்கள் நம்புவார்கள், இரண்டு பேர் வேண்டும் என்று மீனவர் சங்கக் கூட்டத்தில் சொன்னாள். முதல் ஆள் யார் என்பதில் பேச்சே இல்லை: காந்தக்கால். இரண்டாவது ஆளுக்கு எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"வெறுங்கூடையைப் போடுங்க!" என்றார் சங்கத் தலைவர். "அவளைக் கண்டு சிப்பி பயப்படாது."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஆபீஸ் பெண் சிரிக்கவில்லை. "அவங்களுக்கு எண்ணத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"ஒரு நாளைக்கு ஆயிரம் பட்டன் எண்ணுறேன்" என்றாள் இவள், ரோஷத்தோடு.

"அப்ப சரி. கூடை எனக்கு வேண்டாம்."

அன்று மத்தியானம் போனில் விஷயத்தைச் சொன்னாள். அவன் சிரிப்பான் என்று நினைத்தாள். அவனோ, "நல்லா எண்ணும்மா. குடா தொறந்தா அன்னிக்கே வண்டி ஏறிடறேன்" என்றான். அந்தக் குரலில் இருந்த ஏக்கம் அவளை என்னவோ செய்தது. அன்றிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்பு: குடா திறக்க வேண்டும், அவன் வர வேண்டும்.

எண்ணுகிற முறை சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருந்தது. ஒரு முழச் சதுரத்தில் ஓர் இரும்புச் சட்டம், ஒரு பித்தளை வளையம். "தோணின இடத்துல நில்லுங்க. சட்டத்தைப் பார்க்காம முதுகுக்குப் பின்னால வீசுங்க. அது விழுந்த இடத்துல உள்ளே இருக்கிற சிப்பி அத்தனையும் எடுங்க. வளையத்துக்குள்ள நுழைஞ்சா குஞ்சு, நுழையலைன்னா பெரிசு. எண்ணிட்டு அங்கேயே திரும்ப விட்டுடுங்க" என்றாள் ஆபீஸ் பெண். குடாவில் ஆளுக்குப் பாதி. இரண்டு பேர் கணக்கையும் சேர்த்துப் பார்த்து, சராசரியாகச் சட்டத்துக்கு எட்டுப் பெரிய சிப்பி இருந்தால் குடா திறக்கும்.

முதல் நாள் காந்தக்கால் வடக்கே இறங்கினாள். பதினாலு, பதினாறு, பதிமூன்று என்று கரைக்குக் கூவினாள். கரையில் கைதட்டல். தெற்கிலிருந்து வெறுங்கூடையின் குரல் வந்தது: மூன்று, இரண்டு, மூன்று. கரை தலையில் கைவைத்தது.

"சனியன் எங்க போனாலும் சனியன்தான்" என்றது ஒரு குரல். "அவளை வடக்க விட்டிருந்தா வடக்கேயும் ஒண்ணும் இருந்திருக்காது."

மறுவாரம் ஆபீஸ் பெண் பக்கத்தை மாற்றிப் பார்த்தாள். இவள் வடக்கே, அவள் தெற்கே. பேசினவன் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும்! வடக்கே இப்போது இரண்டு, மூன்று. தெற்கே பதினைந்து. அதே குடா, அதே சேறு, ஒரு வாரத்தில் சிப்பிகள் மூட்டை கட்டிக்கொண்டு இடம் மாறுமா என்ன? ஆபீஸ் பெண் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தாள். இரண்டு பேர் பக்கத்திலும் நின்று பார்த்தாள். இரண்டு பேரும் பார்க்காமல்தான் வீசினார்கள், ஒன்று விடாமல்தான் எண்ணினார்கள். திருட்டு இல்லை, புரட்டு இல்லை.

"விதி விதிதான். சராசரி எடுத்துடலாம்" என்றாள் கடைசியில். சராசரி எட்டரை வந்தது. இன்னும் இரண்டு நாள் எண்ணிக்கைதான் பாக்கி. இதே போக்கில் போனால் குடா திறந்துவிடும். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று தெரு முழுக்கச் சந்தோஷம். பரண்மேல் கிடந்த வாரிகளை எடுத்து ஆளாளுக்குத் துரு தேய்த்தார்கள். சங்கத் தலைவர் இவளைப் பார்த்து, "பரவாயில்லம்மா, உன்னை வச்சுக்கிட்டே ஜெயிச்சுட்டோம்" என்றார். பாராட்டா, குத்தலா? அவள் இரண்டாகவும் எடுத்துக்கொண்டாள். மத்தியானம் போனில் அவன், "பெட்டியைக் கட்டலாமா?" என்று கேட்டபோது, "கட்டுங்க" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கியது.

கடைசிக்கு முந்தின நாள். ஆபீஸ் பெண் படகை எடுத்துக்கொண்டு முகத்துவாரப் பக்கம் தண்ணீர் அளக்கப் போயிருந்தாள். இவள் தன் பங்கை முடித்துவிட்டு நாத்தனாருக்குக் கை உதவிக்குப் போனாள். இறங்கின உடனே காந்தக்கால் ஓர் உடைந்த பாட்டிலின் மேல் காலை வைத்தாள். குதிகாலில் நல்ல வெட்டு. அந்த பாட்டிலைப் போட்டவனின் ஏழு தலைமுறையையும் அவள் வாழ்த்திய வாழ்த்தை இங்கே எழுத முடியாது. இவள் முந்தானையைக் கிழித்துக் கட்டுப் போட்டாள். கரையில் ஆபீஸ் பெண்ணின் மாற்று பூட்ஸ் ஒரு ஜோடி கிடந்தது. கட்டு நனையக் கூடாதென்று அதை மாட்டிக்கொண்டு நாத்தனார் மறுபடி இறங்கினாள்.

சட்டத்தை வீசினாள். மூன்று. நகர்ந்து போய் வீசினாள். இரண்டு. இன்னும் நகர்ந்தாள். நான்கு.

"என்ன எழவு இது! கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கு" என்றாள்.

கரைக்கு வந்து பூட்ஸைப் பிடுங்கி எறிந்தாள். காயத்தையும் பார்க்காமல் வெறுங்காலோடு இறங்கினாள். வாய் பாட்டிலைப் போட்டவனைத் திட்டிக்கொண்டே இருந்தது, கால் சேற்றில் கொஞ்சம் இடது, கொஞ்சம் வலது என்று போய் ஓரிடத்தில் நின்றது. வீசினாள். பதினைந்து.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தோன்றின இடத்தில் நில் என்றால் அந்தக் காலுக்கு எந்த இடம் தோன்றும்? நல்ல இடம்தான் தோன்றும். அவள் குடாவை எண்ணவில்லை. குடாவில் மிச்சமிருந்த நாலு நல்ல திட்டுகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தாள். சிப்பி எங்கே இருக்கிறது என்று அணுவளவும் தெரியாத கால் தெருவில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது சொன்ன கணக்குதான் குடாவின் கணக்கு.

"என்ன பாக்குற?" என்றாள் நாத்தனார்.

"ஒண்ணுமில்ல அண்ணி."

"பூட்ஸ் போட்டு வீசினது பழகிப் பாக்க வீசினது. அது கணக்குல சேராது."

"சேராது அண்ணி."

ஆபீஸ் பெண் படகில் வந்து கேட்டபோது காந்தக்கால் பதினைந்து என்றாள். இவள் வாயைத் திறக்கவில்லை.

வாயைத் திறக்காமல் வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டினாள். குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். அவளுக்குப் புருஷன் வேண்டும். இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு போனில் சாப்பிடுகிற புருஷன் இல்லை, எதிரில் உட்கார்ந்து உப்புக் கரிக்கிறது என்று சண்டை போடுகிற புருஷன். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். யார் குடியைக் கெடுக்கப்போகிறோம்? தெருவே அதைத்தான் கேட்கிறது. ஆனால் வளையத்துக்குள் நுழைந்து விழுந்த குஞ்சுகள் அவள் கண்முன் வந்து நின்று தொலைத்தன. ஒவ்வொரு சட்டத்திலும் பெரிசு மூன்று என்றால் குஞ்சு முப்பது, நாற்பது, கட்டைவிரல் நகம் அளவில். நாளைக்குக் குடாவைத் திறந்தால், துரு தேய்த்து வைத்திருக்கிற வாரி அத்தனையும் முதலில் வழிக்கப்போவது அதைத்தான். விதை நெல்லைக் குத்திச் சோறு பொங்குகிற கதை. அப்புறம் அவன் மறுபடி வண்டி ஏறுவான், அந்தத் தடவை திரும்புவதற்குக் குடாவே இருக்காது.

பொழுது விடிந்ததும் நேரே நாத்தனார் வீட்டுக்குப் போனாள். நான் ஆபீஸ் பெண்ணிடம் சொல்லப்போகிறேன், என்னைத் திட்டினாலும் சரி, அடித்தாலும் சரி என்று சொல்ல வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். வழி என்ன வழி, ஒரே சுவர்தானே. ஒத்திகை பாதியில் இருக்கும்போதே வாசல் வந்துவிட்டது.

வாசற்படியில் காந்தக்கால் உட்கார்ந்து அந்த பூட்ஸோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். கட்டுப் போட்ட கால் உள்ளே நுழையவில்லை. முகம் சிவந்திருந்தது.

"பராக்குப் பார்த்துட்டு நிக்காதே. இழு."

"எதுக்கு அண்ணி இது?"

"எதுக்கா? கச்சேரிக்குப் போறேன். கேக்குறா பாரு கேள்வி!" என்றவள், காலை நீட்டியபடியே சற்றுத் தணிந்தாள். "இத்தனை வருஷம் என் கால்ல பெரிசு மட்டும்தான் பட்டுது. நான் நின்ன திட்டுல குஞ்சும் அதிகமில்ல. நேத்து இந்தப் பாழாப்போன பூட்ஸைப் போட்டுக்கிட்டு, வேற வழியில்லாம குனிஞ்சு கண்ணால பார்த்தேன். எவ்வளவு குஞ்சு! நான் பாட்டுக்கு அது மேலயே நடந்துட்டு இருந்திருக்கேன். நீ ஏன் சொல்லலை?"

"நீங்க பெரிசைத்தானே அண்ணி கூவினீங்க. யாரு என்னைக் கேட்டா?"

"அதுவும் சரிதான். இழு, இன்னும் கொஞ்சம்."

பூட்ஸ் படாரென்று ஏறியது. இவள் பின்பக்கமாக விழுந்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஏறிய பூட்ஸுக்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். வண்டி ஏறக் காத்திருந்தவனின் பெயரை மட்டும் இருவரும் எடுக்கவில்லை.

கரையில் காந்தக்கால் ஆபீஸ் பெண்ணிடம் ஒன்றையும் மறைக்காமல் கொட்டினாள். ஆபீஸ் பெண் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "தோணின இடத்துல நில்லுங்கன்னு நான்தானே சொன்னேன்! உங்க மேல தப்பே இல்லக்கா. இவங்களுக்குத் தோணுறது வேற, உங்களுக்குத் தோணுறது வேறன்னு எனக்குத் தோணலை பாருங்க." உடனே கயிறு கட்டினாள். கரையிலிருந்து குடாவின் குறுக்கே நேர்க்கயிறு, அதில் சம தூரத்தில் முடிச்சு. முடிச்சு எங்கே வருகிறதோ அங்கேதான் சட்டம். கால் என்ன சொன்னாலும் கேட்கக் கூடாது. அன்று பூராவும் எண்ணினார்கள். இரண்டு பேர் கணக்கும் அக்கா தங்கை மாதிரி ஒத்துப் போனது. சட்டத்துக்கு மூன்று பெரிசு.

சங்கக் கூட்டத்தில் ரகளை. "கையில இருந்ததைக் கெடுத்துட்டாளுங்களே!" என்று தலைவர் மேஜையைத் தட்டினார். "போன வாரம் பதினஞ்சு, இன்னிக்கு மூணா? பன்னண்டும் எங்க போச்சு?"

"எங்க போச்சுன்னு உங்க வீட்டு வாரியைக் கேளுங்க" என்றாள் காந்தக்கால். "இப்ப இருக்கிற குஞ்சையும் அதுக்குப் போடணுமா? என் காலை நம்பித்தானே இவ்வளவு நாள் சோறு தின்னீங்க? அந்தக் கால் சொல்லுது, தொறக்காதீங்க."

தலைவர் உட்கார்ந்துவிட்டார். முணுமுணுப்பு இருந்தது, எதிர்ப்பு இல்லை. குடா இன்னொரு வருஷம் மூடியே இருக்கும் என்று முடிவாயிற்று.

மறுநாள் மத்தியானம். கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு அவள் வீட்டிலேயே இருந்தாள். டப்பா இல்லை, சோறும் இல்லை. மடியில் போன் மட்டும் இருந்தது. பெட்டியைக் கட்டுங்க என்று சொன்ன வாயால் இப்போது என்ன சொல்வது? போன் அடித்தது. எடுக்கக் கை வரவில்லை. சுவர் ஓட்டை வழியாக அதைக் கேட்ட நாத்தனார் நொண்டிக்கொண்டே வந்து போனைப் பிடுங்கினாள்.

"டேய் தம்பி, கட்டின பெட்டியைப் பிரிச்சுடு. இந்த வருஷம் குடா தொறக்கலை. என்னாலதான். உன் பொண்டாட்டி மேல கோவப்படாதே. நான்தான் கணக்கைக் கொறைச்சேன்."

அந்தப் பக்கம் ஐஸ் பெட்டியை யாரோ தரையில் இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. தூக்கி வளர்த்த தம்பியிடம் வராதே என்று சொல்லிவிட்டவள், உதட்டைக் கடித்துக்கொண்டு போனை இவள் கையில் திணித்துவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். அந்த வாயாடி அழுது இவள் பார்த்ததே இல்லை. இப்போது அழுதாள். இவள் ஒரு கையால் நாத்தனாரின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா சொன்னது பொய்" என்றாள் போனில். "நானும்தான். ரெண்டு பேரும் சேர்ந்துதான் சொன்னோம். கோவமா?"

"பெரிசு எவ்வளவு?"

"மூணுதான்."

"சின்னது?" என்று கேட்டான் அவன். "குஞ்சு இருக்கா? நான் கடைசியா வாரி போட்டப்ப ஒரு குஞ்சு கூட இல்ல. அதைப் பார்த்துட்டுத்தான் நான் கெளம்பினேன், உனக்குச் சொல்லலை. இனிமே இந்தக் குடா அவ்வளவுதான்னு நெனச்சேன்."

"கால் வைக்க எடமில்லைங்க. சட்டத்துக்கு நாப்பது."

"நாப்பதா! நீயே எண்ணினியா?"

"நானேதான். ஒண்ணு ஒண்ணா வளையத்துல விட்டு எண்ணினேன்."

அவன் உரக்கச் சிரித்தான். சிரிப்பா, அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஊருக்கு எப்போது வருவீர்கள் என்று இந்த மூன்று வருஷத்தில் அவள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் குடா தொறந்தா, குடா தொறந்தா என்றுதான் சொல்வான். தொறக்கும் என்று அவன் நம்பவே இல்லை என்பது அவளுக்கு இப்போதுதான் புரிந்தது.

"அப்ப அடுத்த வருஷம் வந்துடறேன்" என்றான். "அது வளர்ற வரைக்கும்தானே? வளரட்டும். வந்துடறேன்மா."